முட்டி மாற்றிய பிறகு அம்போசெலி

"ஜீப்புல உக்காந்துட்டுத்தானேக்கா வரப் போற, அதுக்கு ஏன் இவ்வளவு யோசிக்கிற?" என்று கேட்கிறாள் தங்கை. "இந்தக் காலை வெச்சுக்கிட்டு ஆப்பிரிக்காவா? மொதல்ல டிக்கெட்டைக் கேன்சல் பண்ணு" என்கிறார் நாத்தனார். இருவருக்கும் என்மேல் பாசம்தான். ஆனால் பிப்ரவரியில் வலது முட்டியை மாற்றிக்கொண்டு, ஆகஸ்டில் கென்யா போகவிருக்கும் எனக்கு இந்த இரண்டு பேச்சும் உதவவில்லை. சஃபாரி, அதாவது வண்டியில் சுற்றிக் காட்டு விலங்குகளைப் பார்ப்பது, முட்டிக்கு நிறைய வேலை வைக்கும் பயணம். அந்த வேலை என்னென்ன என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டு, அதற்கென்றே காலைப் பழக்கினால் போகலாம். பழக்க முடியாததைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். இத்தனை மாதமாக நான் செய்துகொண்டிருப்பது இதுதான்.

வேலையில் இருந்தவரை எனக்கும் என் கணவருக்கும் ஒரே நேரத்தில் நீண்ட லீவு அமைந்ததில்லை. இருவரும் ஓய்வு பெற்ற பிறகு, தங்கையும் அவள் கணவரும் சேர்ந்துகொள்ள, கென்யாவுக்கு முன்பணம் கட்டினோம். அப்போதே முட்டியில் தேய்மானம் இருந்தது. மார்கழி வந்தபோது மாடிப்படி இறங்குவதே பெரும்பாடாகிவிட்டது. எக்ஸ்ரேயில் தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் இடைவெளியே இல்லாமல் உரசிக்கொண்டிருந்தன. "தள்ளிப் போடாதீங்க. இப்ப பண்ணிக்கிட்டா ஆகஸ்டுக்கு நேரம் இருக்கு. ஆனா எக்ஸர்சைஸ்ல ஒரு நாள்கூட விடக் கூடாது" என்றார் மருத்துவர். மூட்டு மாற்றிய முதல் மூன்று மாதம் நீண்ட விமானப் பயணம் வேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. காலின் ஆழ் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும் ஆபத்து அந்தக் காலத்தில்தான் அதிகம். ஆகஸ்ட் அதைத் தாண்டி இருந்தது.

முட்டி மாற்று என்றால் முழு முட்டியையும் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்துவதாகப் பலர் நினைக்கிறார்கள். தேய்ந்த எலும்பு முனைகளைச் சில மில்லிமீட்டர் சீவி எடுத்துவிட்டு, தொடை எலும்பின் முனைக்கு ஒரு உலோகத் தொப்பி, கீழ்க்கால் எலும்பின் தலைக்கு ஒரு உலோகத் தட்டு, இரண்டுக்கும் நடுவே வழுவழுப்பான பாலிஎத்திலீன் துண்டு. பெரும்பாலும் அவ்வளவுதான். சுற்றியுள்ள தசையும் பக்கவாட்டு ஜவ்வும் நம்முடையவையே. அதனால்தான் மறுநாளே வாக்கரைப் பிடித்து நடக்க வைத்துவிடுகிறார்கள். அதனால்தான் வீக்கம் வடிய மாதக்கணக்கில் ஆகிறது. குண்டும் குழியுமான காட்டுப் பாதையில் வண்டி குலுங்கினால் உள்ளே வைத்தது கழன்றுவிடுமா என்று மருத்துவரிடம் கேட்டேன். "உலோகத்துக்கு ஒண்ணும் ஆகாது. அதைச் சுத்தி இருக்கற சதைக்குத்தான் சிரமம். சாயந்திரம் வீங்கும், ஐஸ் வைங்க" என்றார். அந்தப் பதிலுக்குப் பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

வீக்கத்துக்கு நாம் நினைப்பதைவிடப் பெரிய பங்கு உண்டு. முட்டிக்குள் நீர் கோத்திருக்கும்வரை தொடையின் முன்பக்கத் தசை முழு பலத்தோடு இயங்காது. நாம் எவ்வளவு முயன்றாலும் நரம்பு அந்தத் தசையைத் தடுத்து வைத்திருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு படுத்தபடி காலை நேராகத் தூக்கச் சொன்னபோது என் கால் அசையவே இல்லை. மனம் உத்தரவு போடுகிறது, கால் கேட்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "வரும்மா, இது எல்லாருக்கும் இப்படித்தான்" என்று பிசியோதெரபிஸ்ட் பெண் முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதை அழுத்தச் சொன்னார். அங்கிருந்துதான் தொடங்கினோம்.

அவரிடம் கென்யா விஷயத்தைச் சொன்ன அன்றே பயிற்சியின் போக்கு மாறியது. பொதுவாக இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு இலக்கு வீடும் கோயிலும்தான்: மாடிப்படி, ஆட்டோ, வெஸ்டர்ன் டாய்லெட், பிரகாரம் ஒரு சுற்று. சமதரையில் நடக்க முட்டி சுமார் 65, 70 டிகிரி மடங்கினால் போதும். படி ஏற 90 டிகிரியை நெருங்க வேண்டும். தாழ்வான நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ 100 டிகிரியையும் தாண்ட வேண்டும். குந்தி உட்காருவது அதற்கெல்லாம் மேலே. "நீங்க எதுல ஏறப் போறீங்கன்னு எனக்குக் காட்டுங்கம்மா, அதுக்கு ஏத்த மாதிரி பண்ணுவோம்" என்றார். அன்றிரவு நானும் கணவரும் உட்கார்ந்து, பயண ஏற்பாட்டாளர் அனுப்பிய வண்டிப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தோம்.

கென்யாவில் பெரும்பாலும் டொயோட்டா லேண்ட் குரூசரை நீளமாக்கி, மேற்கூரையைத் தூக்கி நிறுத்தும்படி மாற்றியமைத்திருக்கிறார்கள். தரையிலிருந்து வண்டியின் உள்தளம் நன்றாக உயரம். முதல் மிதிபடியே நம் வீட்டுப் படியைப்போல இரண்டு மடங்கு இருக்கும். ஏறுவதற்குக் கையும் தோளும் உதவும். இறங்குவதுதான் சோதனை. உடம்பின் முழு எடையையும் ஒற்றை முட்டி மடங்கியபடியே தாங்கி, மெதுவாகக் கீழே விட வேண்டும். அந்த வேலையைச் செய்யும் தொடைத் தசைதான் ஆபரேஷனில் முதலில் சோர்ந்து, கடைசியில் தேறுவது.

பிறகு கூரை. விலங்கைக் கண்டதும் வண்டி நிற்கும். எல்லோரும் எழுந்து, தூக்கிய கூரைக்குக் கீழே நின்று பார்ப்பார்கள். சிங்கமோ சிறுத்தையோ என்றால் அரை மணி நேரம்கூட நிற்பார்கள். வண்டி நகர்ந்ததும் உட்கார வேண்டும். நூறு மீட்டரில் மறுபடியும் நிற்கும். ஒரு காலை நேரச் சுற்றில் எத்தனை முறை எழுந்து உட்கார வேண்டியிருக்கும் என்று முதுமலை வேன் சவாரியை நினைத்துப் பார்த்தேன். முட்டிக்கு அதுவே ஒரு முழு நாள் பயிற்சி. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான், உட்கார்ந்துகொண்டே போய்விடலாம் என்ற பேச்சுக்கு என்னிடம் பதில் இருந்தது.

எனவே பயிற்சியும் அப்படியே அமைந்தது. நான்கு அங்குலப் பலகையில் தொடங்கி, ஆறு, பிறகு எட்டு. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். இந்தப் பாடத்தைத்தான் எல்லா மருத்துவமனையிலும் சொல்லித் தருகிறார்கள். சற்றுப் பலம் வந்த பிறகு பிசியோதெரபிஸ்ட் அதைத் திருப்பிப் போட்டார்: ஆபரேஷன் செய்த கால் பலகையிலேயே இருக்க, நல்ல காலை மெதுவாகத் தரையில் வைக்க வேண்டும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து, ஒரு நிமிடம் நின்று, மெதுவாக உட்காருவது இன்னொன்று. இதற்கெல்லாம் அப்பால், எதிர்வீட்டுத் தம்பியின் பொலேரோ. அவர் சாயங்காலம் வண்டியைத் தெருவில் நிறுத்தியதும் நான் போய்ப் பின்கதவு வழியாக ஏறி, இறங்கி, ஏறி, இறங்கிப் பழகுகிறேன். தெருவில் போகிறவர்கள் நின்று விசாரிப்பார்கள். அந்தத் தம்பி யாரிடமும் சலித்துக்கொள்ளாமல், "அத்தை ஆப்பிரிக்கா போறாங்க, அதான்" என்று சொல்லி அனுப்புகிறார். அவருக்கு என் நன்றி.

இருக்கை விஷயமும் முக்கியம். பின் அச்சுக்குப் பின்னால் இருக்கும் கடைசி வரிசையில்தான் குலுக்கல் அதிகம். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் காலை நீட்டலாம், ஆனால் கூரைக்குக் கீழே எழுந்து நிற்க முடியாது. நடு வரிசையில், வலது காலை நடைவழியில் நீட்டும்படி இடது ஓர இருக்கை கேட்டிருக்கிறோம். வேறு குடும்பங்களோடு பகிரும் வண்டியில் இதையெல்லாம் கேட்க முடியாது. எனவே எங்களுக்கென்று தனி வண்டி. காலடியில் வைக்க ஒரு மரப்படி வண்டியிலேயே இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கியிருக்கிறோம்.

அடுத்து, பெண்கள் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் விஷயம். பயணக் கட்டுரைகளில் இதை யாரும் எழுதுவதில்லை, நான் எழுதிவிடுகிறேன். சஃபாரியில் சிறுநீர் கழிக்க எங்கே போவது? பூங்காவுக்குள் நினைத்த இடத்தில் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. வாயிலில், விடுதியில், விமான ஓடுதளத்தில், அனுமதித்த சில இடங்களில் கழிப்பறை உண்டு. நடுவே அவசரம் என்றால், வழிகாட்டி சுற்றும் முற்றும் பார்த்து, ஆபத்தில்லை என்று சொன்ன பிறகு வண்டிக்குப் பின்னால் போக வேண்டியதுதான். ஆண்களுக்குப் பிரச்சினை இல்லை. குந்த முடியாத பெண்ணுக்கு அது நடக்காத காரியம். முட்டி மாற்றியவர்கள் குந்தக் கூடாது, பெரும்பாலானவர்களால் முடியவும் முடியாது.

இதற்குப் பயந்து பெண்கள் செய்வது ஒன்றுதான்: தண்ணீர் குடிப்பதை நிறுத்துவது. நம்மூரில் பஸ் பயணத்துக்கு முன் எத்தனை பெண்கள் காலையிலிருந்து வாயை நனைக்காமல் கிளம்புகிறார்கள்! என் அம்மாவும் அப்படித்தான், நானும் அப்படியே வளர்ந்தவள். அறுபதைத் தாண்டி, மூட்டு மாற்றி, நீண்ட நேரம் காலைத் தொங்கவிட்டு உட்காரும் ஒருத்திக்கு உடம்பில் நீர் வற்றுவது நல்லதே இல்லை. சிறுநீர்த் தொற்று இன்னொரு கவலை. உடம்பில் எங்கே தொற்று வந்தாலும், கிருமி ரத்தத்தின் வழியாகப் போய்ச் செயற்கை மூட்டில் குடியேற வாய்ப்புண்டு. அப்படி ஆகிவிட்டால் அதைச் சரிசெய்வது முதல் ஆபரேஷனைவிடக் கடினம். பல் வலி, காலில் முள் குத்திய காயம், சிறுநீர் எரிச்சல், காய்ச்சல் எதுவானாலும் தானாகச் சரியாகட்டும் என்று விடக் கூடாது என்று மருத்துவர் தனியாக உட்கார வைத்துச் சொன்னார்.

பெண்கள் நின்றபடியே சிறுநீர் கழிக்க உதவும் புனல்கள் இப்போது மருந்துக் கடையிலும் இணையத்திலும் சல்லிசாகக் கிடைக்கின்றன. காகிதத்தில் உண்டு, கழுவிப் பயன்படுத்தும் சிலிகானிலும் உண்டு. முதலில் வீட்டுக் குளியலறையில் பழகிக்கொள்வது அவசியம். நான் பழகிவிட்டேன். மடக்கு நாற்காலி வடிவில் ஒரு கமோடும் வண்டியில் வைக்கச் சொல்லியிருக்கிறோம். வழிகாட்டி ஆணாக இருப்பாரே என்று கணவர் தயங்கினார். மின்னஞ்சலில் நானே நேராக எழுதிவிட்டேன். "நிறைய விருந்தினர்கள் கேட்பதுதான், ஏற்பாடு செய்துவிடுகிறோம்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. இத்தனை காலம் எத்தனை பயணங்களில் இதை நினைத்துத் தொண்டை வறளக் கிடந்தோம் என்று எனக்குக் கோபமாகவே இருந்தது.

தடுப்பூசிக்கு வருகிறேன். கென்யா போய்த் திரும்பும் இந்தியருக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம். இல்லையென்றால் திரும்பி வரும்போது ஆறு நாள்வரை தனிமைப்படுத்தி வைத்துவிடலாம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அதன் பிறகு ஆயுள் முழுவதும் செல்லும். அறுபதைத் தாண்டியவர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸால் ஆன தடுப்பூசி. அறுபது வயதுக்கு மேல் முதல்முறை போட்டுக்கொள்பவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு, அரிதுதான் என்றாலும், இளையவர்களைவிடக் கூடுதல். அதனால் நேராக வரிசையில் போய் நிற்காமல், வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டு, ஆபரேஷன் காயம் நன்றாக ஆறிய பிறகு போட்டுக்கொண்டேன். மலேரியாவுக்கு மாத்திரை. டாக்ஸிசைக்ளின் என்றால் திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும். இதைப் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

விமானம் சென்னையிலிருந்து மும்பை, அங்கிருந்து நைரோபி. மும்பையிலிருந்து சுமார் ஆறு மணி நேரம். எனக்கு வலது முட்டி. ஆகவே நடைவழி என் வலப்பக்கம் வரும்படி, விமானத்தின் இடது வரிசையில் நடைவழி இருக்கை. அவசரக் கதவு வரிசையில் கால் நீட்ட இடம் உண்டு என்று தங்கை சொன்னாள். ஆனால் நடமாட்டத்தில் சிரமம் உள்ளவர்களுக்கு அந்த இருக்கை தரமாட்டார்கள், தரக் கூடாது. கெண்டைக்காலை இறுக்கிப் பிடிக்கும் காலுறை, ஒரு மணிக்கொரு முறை எழுந்து நடை, உட்கார்ந்தபடியே குதிகாலையும் நுனிக்காலையும் மாற்றி மாற்றி அழுத்துவது. சக்கர நாற்காலி உதவிக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்கிறோம். என்னால் நடக்க முடியும். ஆனால் மும்பையின் நீண்ட நடைபாதைகளிலும் குடியேற்ற வரிசையிலும் முட்டியின் தெம்பைச் செலவழிக்க நான் தயாரில்லை. அது யானை பார்க்கச் சேமித்து வைத்திருக்கும் தெம்பு. பாதுகாப்புச் சோதனையில் உலோகம் ஒலிக்கும். மருத்துவரின் கடிதம் கையில் இருந்தாலும் தடவிச் சோதிப்பார்கள், அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

இப்போது பெரிய விஷயம். எங்கள் முதல் திட்டத்தில் நைவாஷா ஏரி, நகுரு, மசாய் மாரா, அம்போசெலி எல்லாம் இருந்தன. எல்லாம் சாலை வழி. ஒவ்வோர் இடத்திலும் ஓரிரு இரவு, காலையில் பெட்டி கட்டி அரை நாள் வண்டிப் பயணம். இந்தியாவிலிருந்து போகும் பெரும்பாலான குழுக்கள் இப்படித்தான் போகின்றன. இவ்வளவு தூரம் போய்விட்டு எதையும் விட்டுவிடக் கூடாது என்ற எண்ணம். நல்ல முட்டி இருக்கும்போதே இது அலுப்பான திட்டம் என்பது என் கருத்து. மாற்றிய முட்டிக்கு இது ஆகவே ஆகாது. நீண்ட சாலைப் பயணம் முடிந்து இறங்கும்போது முட்டி விறைத்திருக்கும். மறுநாள் விடியற்காலையில் அதே முட்டியோடு உயரமான வண்டியில் ஏற வேண்டும். ஓரிடத்தில் தங்கி, காலையில் சுற்று, நடுப்பகல் முழுக்கக் காலைத் தூக்கி வைத்து ஐஸ், மாலையில் சுற்று என்றால் தாங்கும்.

அந்த ஓரிடம் எது? ஆகஸ்ட் என்றால் எல்லோரும் மாரா என்பார்கள். வில்டபீஸ்ட் எனப்படும் காட்டு மாடுகள் பத்து லட்சத்துக்கும் மேல், லட்சக்கணக்கான வரிக்குதிரைகள், தான்சானியாவின் செரெங்கெட்டிப் புல்வெளியிலிருந்து வடக்கே வந்து மாரா ஆற்றைக் கடக்கும் பருவம். தங்கைக்கும் அவள் கணவருக்கும் அதுதான் கனவு. வீட்டில் இதைப் பற்றி நிறையப் பேசினோம், கொஞ்சம் கோபமாகவும் பேசினோம். ஆற்றைக் கடக்கும் காட்சிக்காக வண்டியிலேயே பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். மாடுகள் எப்போது இறங்கும் என்று யாரும் சொல்ல முடியாது. இறங்கப் போகிறது என்றதும் எல்லா வண்டிகளும் மேடு பள்ளம் பாராமல் விரையும். என் கால் அதற்குத் தயாராகாது. என் மனம் எப்போதும் அம்போசெலியில்தான் இருந்தது என்பதும் உண்மை. நான்கு இடங்களையும் பட்டியலில் வைத்திருந்தவரை அதைச் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. இந்த முட்டி அதைச் சொல்ல வைத்தது. முடிவாக, நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் நால்வரும் அம்போசெலி போகிறோம். பிறகு தங்கையும் அவள் கணவரும் மாராவுக்குப் பறக்கிறார்கள், நாங்கள் இருவரும் அங்கேயே தங்குகிறோம். மாராவில் ஜூலை முதல் டிசம்பர் வரை வெளிநாட்டவருக்கு நாளொன்றுக்கு 200 டாலர் நுழைவுக் கட்டணம். அதில் மிச்சமானது எங்கள் தனி வண்டிச் செலவில் கொஞ்சத்தை ஈடுகட்டியது.

அம்போசெலி பெரிய பூங்கா இல்லை, 392 சதுர கிலோமீட்டர்தான். தெற்கே தான்சானியா எல்லைக்கு அப்பால் 5,895 மீட்டர் உயரக் கிளிமஞ்சாரோ. அந்த மலையில் விழும் மழையும் பனியும் எரிமலைப் பாறைக்குள் இறங்கி, பூமிக்கடியில் ஓடி, அம்போசெலியின் நடுவே ஊற்றாகப் பொங்கிச் சதுப்பு நிலமாகப் பரவுகிறது. சுற்றிலும் புழுதி பறக்கும் வறண்ட ஏரிப்படுகை, நடுவே பச்சை. ஆகஸ்ட் போன்ற வறண்ட மாதங்களில் யானைகள் காலையில் அந்தப் புழுதியைக் கடந்து சதுப்புக்குள் இறங்கி, வயிறளவு தண்ணீரில் நின்று மேயும். சாயங்காலம் வந்த வழியே திரும்பும். அவை கடக்கும் பாதையில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருக்கலாம். எனக்கு ஏற்ற சஃபாரி இது. நான் துரத்த வேண்டாம், அவை வரும்.

அந்த யானைகளின்மேல் எனக்கு ஆசை வந்ததற்குக் காரணம் இருக்கிறது. 1972இல் சிந்தியா மாஸ் அங்கே தொடங்கிய ஆய்வு இன்றுவரை தொடர்கிறது. காதின் ஓரக் கிழிசல்களையும் நரம்புகளையும் வைத்து ஒவ்வொரு யானையையும் தனியாக அடையாளம் கண்டு, குடும்பங்களுக்கு எழுத்துகளால் பெயரிட்டு, பிறப்பும் இறப்பும் குறித்து வைக்கிறார்கள். அதில் ஈபி என்ற குடும்பத்தின் தலைவி எக்கோ. 1990இல் அவளுக்கு ஒரு ஆண் கன்று பிறந்தது, ஈலை என்று பெயர் வைத்தார்கள். பிறக்கும்போதே முன்னங்கால் மூட்டுகள் மடங்கி இறுகியிருந்தன, நிமிர்த்த முடியவில்லை. யானையின் முன்னங்காலில் நாம் முட்டி என்று நினைப்பது உண்மையில் அதன் மணிக்கட்டு. நம்முடையதைப் போன்ற முட்டி பின்னங்காலில்தான் இருக்கிறது. அந்தக் கன்று மணிக்கட்டுகளை மடக்கியபடியே தரையில் தேய்த்துத் தேய்த்து நகர்ந்தது. தாயும், எனிட் என்ற அக்கா யானையும் அதைவிட்டு நகரவில்லை. அது விழுந்தால் நின்றார்கள், நகர்ந்தால் அதன் வேகத்துக்கே நடந்தார்கள். மூன்றாம் நாள் கன்றின் கால்கள் நிமிர்ந்தன. அது எழுந்து நடந்தது.

இதை முதன்முதலில் படித்தது பல வருடங்களுக்கு முன்னால். படுக்கையில் கிடந்து காலைத் தூக்க முடியாமல் தவித்த அந்த வாரத்தில் மறுபடியும் தேடிப் படித்தேன். கணவரையும் படிக்கச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் வாக்கரோடு வராந்தாவில் நடக்கும்போதெல்லாம் அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, என் வேகத்துக்குப் பக்கத்திலேயே நடந்து வருவார். எக்கோ 2009இல் இறந்துபோனாள். அவள் வழி வந்தவை இன்னும் அந்தச் சதுப்புக்கு வருகின்றன. அவற்றைப் பார்க்க வேண்டும்.

திட்டத்திலிருந்து எடுத்தவற்றில் வெப்பக் காற்று பலூனும் உண்டு. தரையிறங்கும்போது கூடை சாய்ந்து இழுபடலாம் என்பதால் முட்டியை மடக்கிக் கைப்பிடியைப் பற்றியபடி உட்காரச் சொல்வார்கள். சமீபத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களை ஏற்ற மாட்டார்கள். அங்கே வாழும் மசாய் இன வழிகாட்டிகளோடு புல்வெளியில் நடப்பதையும் இந்த முறை விட்டுவிட்டோம். கூடாரம் சாப்பாட்டுக் கூடத்துக்கு மிக அருகில் உள்ளதாக, படிகள் குறைந்ததாக, குளியல் தொட்டி இல்லாததாகக் கேட்டு வாங்கியிருக்கிறோம். வேலியில்லாத முகாம்களில் இருட்டிய பிறகு காவலர் துணையோடுதான் நடக்க விடுவார்கள். என்னால் வேகமாக நடக்க முடியாது என்பதை அவரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்று கணவர் குறித்து வைத்திருக்கிறார். சிறு விமானத்தில் ஒருவருக்கு 15 கிலோதான், அதுவும் சக்கரமில்லாத மென்பை. ஐஸ் பை, மருந்து, மடக்குத் தடி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பயணக் காப்பீட்டில் ஆபரேஷன் விவரத்தை மறைக்காமல் எழுதிவிட்டோம். பிரீமியம் கூடியது, பரவாயில்லை. மறைத்துவிட்டு அங்கே ஒன்று ஆனால் ஒரு ரூபாய் கிடைக்காது. 1957இல் தொடங்கி நைரோபியிலிருந்து இயங்கும் அம்ரெஃப் என்ற மருத்துவ அமைப்பின் பறக்கும் மருத்துவர் சேவையிலும் பயணிகளுக்கான சந்தா எடுத்திருக்கிறோம். காட்டிலிருந்து நைரோபி மருத்துவமனைக்கு விமானத்தில் கொண்டுவந்துவிடுவார்கள்.

முடிவாகாமல் இருப்பது ஒன்றுதான், அப்சர்வேஷன் ஹில். அம்போசெலிக்குள் வண்டியை விட்டு இறங்கி நடக்க அனுமதியுள்ள ஒரே ஒரு சிறு குன்று என்று எங்கள் ஏற்பாட்டாளர் எழுதியிருக்கிறார். மேலே நின்றால் சதுப்பு முழுவதும் தெரியும், புள்ளி புள்ளியாக யானைகளும் நீர்யானைகளும். காலை நேரம், மேகம் மூடுவதற்கு முன் என்றால் கிளிமஞ்சாரோவும். போக வேண்டும் என்கிறேன் நான். ஏறுவதைப் பற்றிக் கவலை இல்லை, இறங்குவதுதான் யோசிக்க வேண்டியது என்கிறார் பிசியோதெரபிஸ்ட். மருத்துவர் எங்கள் இருவருக்கும் நடுவில் நிற்கிறார்: அன்றைய காலை முட்டியில் வீக்கம் இல்லையென்றால் தடியோடு, வழியில் உட்கார்ந்து உட்கார்ந்து, மெதுவாகப் போகலாம். வீக்கம் இருந்தால் வண்டியிலேயே இருக்க வேண்டும், அதில் பேச்சே கிடையாது. நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

அதற்காகப் புதிய பயிற்சி ஒன்று தொடங்கியிருக்கிறது. பரங்கிமலையின் கீழ்ப் படிகள், வெயில் ஏறுவதற்கு முன். முதல் முறை பிசியோதெரபிஸ்ட் கூட வந்து, நான் இறங்குவதைக் கீழேயிருந்து பார்த்தார். "இடுப்பைச் சாய்க்காதீங்கம்மா, முட்டி வேலை செய்யட்டும்" என்றார். இந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் கொஞ்சம் மேலே போய்ப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். தங்கையும் வருகிறேன் என்கிறாள்.